அப்பாவுக்கு ஹெர்னியா (குடல் எறக்கம்) ஆபரேஷன்: ஓட்டை போட்டு பண்றதா, கிழிச்சு பண்றதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தறிக்காரன்_மகன்
எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் நாங்க. எங்கப்பாவுக்கு 66 வயசு, நாப்பது வருசமா விசைத்தறி ஓட்டுனவரு, பாவு பீம் தூக்கி மாட்டி மாட்டியே ஒடம்பு தேஞ்சு போச்சு. வலது பக்கம் தொடை இடுக்குல எலுமிச்சம்பழம் சைசுக்கு ஒரு வீக்கம், நின்னா வருது படுத்தா உள்ள போயிருது, ஒரு வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம கோவணத்த இறுக்கிக் கட்டிக்கிட்டே சமாளிச்சிருக்காரு மனுசன். போன வாரம் வலின்னு ஒக்காந்துட்டாரு, அப்பறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.
ஒரு தனியார் ஆஸ்பத்திரில காட்டுனோமுங்க. லேப்ராஸ்கோப்பி, மூணே ஓட்டை, அடுத்த நாள் வீட்டுக்கு, 1,10,000 ஆகும்னாங்க. ஓப்பன் எல்லாம் பழைய காலத்து முறை, இப்ப யாரும் பண்றதில்லைன்னும் சொன்னாங்க. ஜிஎச்ல கேட்டா ஓப்பன் பண்ணி வலை வெச்சு தெச்சர்லாம், காசு வேண்டாம்ங்கறாங்க. மச்சான் ஜிஎச் போலாங்கறாரு, அம்மா லேப்தான் பண்ணோணும்ங்கறாங்க, கிழிக்கறதுன்னா அவிங்களுக்கு பயம். காசு எப்படியாச்சும் பொரட்டிருவோம், அது பிரச்சனை இல்லீங்க. எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க.

ஜிம்பாய்_29
ப்ரோ யோசிக்கவே வேணாம், லேப். எனக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு, ஒரே சிட்டிங்ல அதே மூணு ஓட்டை வழியா ரெண்டையும் முடிச்சாங்க. மூணாவது நாள் லேப்டாப் தொறந்து வேலை பாத்தேன், ரெண்டு மாசத்துல ஜிம். தழும்பு எங்கனு நானே தேடணும். டெக்னாலஜி இவ்ளோ வந்தப்புறம் எதுக்கு கிழிச்சுக்கிட்டு.

டவுன்பஸ்_டிரைவர்
நான் 2011ல ஓப்பன் பண்ணவன். இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல, அத மொதல்ல சொல்லிடறேன். ஆனா தழும்புக்கு கீழ ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய் கெடக்கு, கிள்ளினா கூட யாரோ ஒருத்தர் தோல கிள்ற மாதிரிதான் இருக்கும். மொத ஒரு வருசம் கிளட்ச் மிதிக்கறப்போ சுருக்குனு இழுக்கும், டிப்போல சொன்னா லீவு கேக்க நடிக்கறான்னாங்க. இப்ப பரவால்ல, மழை காலத்துல மட்டும் லேசா. ஐயாவுக்கு 66ன்றீங்க, கிளட்ச் மிதிக்க போறதில்லையே, ஓப்பனே போதும்.

கடலை_யாவாரி
ஜிம் தம்பி சொல்றத மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணிராதீங்க அண்ணே. எனக்கு லேப்தான் பண்ணாங்க, ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல, வெளியூர்ல இருந்து டாக்டர் வந்து பண்ணிட்டு அன்னிக்கே போயிட்டாரு, அவர் மூஞ்சிய நான் சரியா பாத்தது கூட இல்ல. 14 மாசத்துல அதே எடத்துல அதே வீக்கம். ரெண்டாவது தடவை வேற எடத்துல ஓப்பன் பண்ணி இப்ப ஆறு வருசம் ஆச்சு, மூட்டை தூக்குறேன், ஒண்ணும் இல்ல. லேப்னா ராசின்னு நெனச்சது என் தப்பு.

ஸ்டெதஸ்கோப்_மதுர
அரசு ஆஸ்பத்திரில சர்ஜரி பாக்குறவன் நான், அதனால ஒரு பக்கமா பேசுறேன்னு நெனச்சா நெனச்சுக்கங்க. நேர்ல பாக்காம உங்கப்பாவுக்கு இதுதான்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த "பழைய காலத்து முறை"ங்கிறத கேட்டு சும்மா இருக்க முடியல.
பழைய காலத்து முறைன்னா அது 1880கள்ல இத்தாலில பாஸினி பண்ணது. ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்க தசைய இழுத்துப் பிடிச்சு நூலால தைக்கிறது. இழுத்துத் தெச்ச துணி எங்க கிழியும்? தையல்லயே தான. அதனால திரும்பத் திரும்ப வந்துக்கிட்டு இருந்துச்சு. 1980கள்ல லாஸ் ஏஞ்சலீஸ்ல லிக்டன்ஸ்டைன்னு ஒரு சர்ஜன், எதையும் இழுக்காத, மேல ஒரு வலைய விரிச்சுத் தெச்சிரு, ஒடம்பே அதுக்குள்ள தசைநார வளத்து கெட்டியாக்கிக்கும்னு பண்ணாரு. இன்னிக்கு ஜிஎச்ல "ஓப்பன்"னா பெரும்பாலும் அதுதான். லேப்ல ஹெர்னியா பண்றது 1990களோட ஆரம்பத்துல சூடு பிடிச்சது. ஆக ரெண்டுக்கும் பத்து வருசம் கூட வித்தியாசம் இல்ல, ஒண்ணு தாத்தா ஒண்ணு பேரன்னு பேசறது யாவாரம்.
நெசமான வித்தியாசம் வலை எங்க உக்காருதுங்கிறதுல இருக்கு. ஓப்பன்ல வயித்துச் சுவருக்கு முன்பக்கம். லேப்ல பின்பக்கம், வயித்து உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவுல. டயர் கிழிஞ்சா உள்பக்கமா ஒரு துண்டு வெச்சு ஒட்டுவாங்கல்ல, காத்து அழுத்த அழுத்த அது சுவரோட ஒட்டிக்கும், அந்தக் கணக்கு. கேக்க லேப்தான் புத்திசாலித்தனமா தெரியும், உண்மையும்தான். வலையும் பெருசா, 10க்கு 15 சென்டிமீட்டர் வைக்கலாம். ரெண்டு பக்கமும் இருந்தா, ஏற்கனவே ஓப்பன் பண்ணி திரும்ப வந்திருந்தா, பொம்பளைங்களுக்கு இருந்தா, லேப்தான் நல்லது, இத நானே சொல்றேன். 2018ல வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அதத்தான் சொல்லுது. வலி கம்மி, மரத்துப்போறது கம்மி, வேலைக்கு சீக்கிரம் திரும்பலாம்.
ஆனா அந்த பின்பக்கம் இருக்க எடம் இருக்கே, அது குறுகலான சந்து. பக்கத்துலயே தொடைக்கு போற பெரிய ரத்தக்குழாய், மூத்திரப்பை, விந்துக்குழாய், நரம்பு எல்லாம் வரிசையா நிக்கும். அங்க பழகறதுக்கு ஒரு சர்ஜன் 50, 100 கேஸ் பண்ணனும். அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தாருக்கான ஆஸ்பத்திரிகள்ல ரெண்டாயிரத்துக்கு பக்கத்துல ஆம்பளைங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2004ல போட்டாங்க. ரெண்டு வருசத்துல திரும்பி வந்தது லேப்ல 10.1 சதவீதம், ஓப்பன்ல 4.9. அப்ப லேப் தோத்துருச்சான்னா இல்ல. 250 கேசுக்கு மேல பண்ண சர்ஜன்க கையில லேப்ல திரும்பி வர்றது பாதியா குறைஞ்சு போச்சு. கடலை அண்ணனுக்கு நடந்தது இதுல எதுன்னு நான் சொல்லணுமா.
அப்பாவுக்கு பீடி, இருமல், மூச்சு வாங்குறது, பழைய ஆபரேஷன் ஏதாவது? அத சொல்லாம விட்டுட்டீங்க.

தறிக்காரன்_மகன்
சார் கேட்டது நல்லதாப் போச்சுங்க. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு. பஞ்சுத் தூசிலயே இருந்தவரு, விடியக்காலைல எந்திரிச்சா அரை மணி நேரம் இருமுவாரு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அதுதான் அலாரம். ஓரளவுக்கு மூச்சும் வாங்கும். நாலு வருசம் முந்தி புராஸ்டேட் ஆபரேஷன் ஆச்சு. தனியார்ல இது எதையும் கேக்கலீங்க, நாங்களும் சொல்லல.

கடலை_யாவாரி
எதையுமே கேக்காம ரேட் மட்டும் சொன்னாங்களா. நல்லா இருக்கு.

ஜிம்பாய்_29
ஒரு ஆஸ்பத்திரி பண்ணத வெச்சு லேபையே குறை சொல்லாதீங்கப்பா. அட்மிட் ஆகறப்போ மயக்க டாக்டர் எல்லாம் கேப்பாங்க, எனக்கு ஒரு பக்கம் முழுக்க ஃபார்ம் ஃபில் பண்ணாங்க.

ஸ்டெதஸ்கோப்_மதுர
ஜிம் தம்பி சொல்றது சரி, அட்மிஷன்ல கேப்பாங்க. ஆனா அப்ப அட்வான்ஸ் கட்டியிருப்பீங்க.
புராஸ்டேட் எப்படி பண்ணாங்கன்னு டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க. மூத்திரம் போற வழியா குழாய் விட்டு செதுக்கி எடுத்திருந்தா ஹெர்னியாவுக்கு அது பெரிய தடை இல்ல, லேப் பண்ற எடத்த அது தொடறதே இல்ல. அடிவயித்த தொறந்து எடுத்திருந்தா கதை வேற, லேப்ல போக வேண்டிய அந்த சந்தே தழும்பேறி ஒட்டிக் கெடக்கும், ஓப்பன்தான் பத்திரம். நெறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு பயந்துக்குவாங்க.
எனக்கு இதவிட கவலை நெஞ்சுதான். லேப்னா வழக்கமா முழு மயக்கம், உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏத்துவாங்க. பஞ்சுத் தூசியும் பீடியும் சேந்து நாப்பது வருசம் தின்ன நுரையீரலுக்கு அது லேசான வேலை இல்ல. ஓப்பன முதுகுல ஊசி போட்டு பண்ணலாம், இன்னும் முடியாத ஆளுன்னா அந்த எடத்துல மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே பண்ணலாம். இந்த வசதி பெரும்பாலும் ஓப்பனுக்குத்தான் இருக்கு, ஆனா இத யாரும் விளம்பரத்துல போட மாட்டாங்க.
இன்னொண்ணு, இந்த இருமல வெச்சுக்கிட்டு எந்த முறைல பண்ணாலும் தையல நாமளே உள்ள இருந்து உதைக்கிற மாதிரி. மொதல்ல நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டி, இன்ஹேலர் ஏதாவது குடுத்தா எடுத்து, பீடிய நாலு வாரமாவது நிறுத்திட்டு அப்பறம் படுக்க வைங்க.

ரெண்டு_புள்ள_அம்மா
நடுவுல பேசறேன் மன்னிச்சுக்கோங்க. எனக்கு தொப்புளுக்கு கீழ சிசேரியன் தழும்புல வீக்கம், ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்தது. நீங்க சொல்ற ஹெர்னியாவும் இதுவும் ஒண்ணா? எனக்கும் லேப்னுதான் சொல்றாங்க. எங்க மாமியார் ஊர்ல ஓதம்னு சொல்லி சிரிக்கறாங்க, பொம்பளைக்கு எங்க இருந்து ஓதம் வந்துச்சுன்னு.

நைட்_டூட்டி_நர்ஸ்
அம்மா உங்க மாமியார் சொல்ற ஓதம் வேறம்மா. ஊர்ல விரையில தண்ணி கோத்துக்கறதையும் ஓதம்பாங்க, குடல் எறங்கறதையும் ஓதம்பாங்க, ரெண்டையும் போட்டு கொழப்பிக்குவாங்க. உங்களுக்கு இருக்கறது பழைய தழும்பு விட்டுக்குடுத்து வர்ற ஹெர்னியா. தொடை இடுக்குல வர்றதுக்கு பேசின கணக்கு எதையும் இதுக்கு போட்டு பாக்காதீங்க, ஓட்டை எத்தன சென்டிமீட்டர்னு ஸ்கேன்ல பாத்துதான் எந்த முறைன்னு முடிவு பண்ணுவாங்க. இன்னொரு குழந்தை யோசனை இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பிரசவம் முடியட்டும்னு தள்ளி வைக்கறதும் உண்டு. தனி இழை போடுங்க, நெறைய பேர் சொல்வாங்க.

ஸ்காபரோ_பெடியன்
வணக்கம் அண்ணையாக்கள். நான் இருக்கிறது டொரோண்டோ பக்கம். இஞ்ச தோர்ன்ஹில்லில ஷோல்டைஸ் எண்டு ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, ஹெர்னியா மட்டும்தான் செய்வினம், 1945ல தொடங்கினது. என்ர மாமாவுக்கு அங்கதான் செய்தவை. லேப்பும் இல்லை, வலையும் இல்லை. வெட்டி, அவரவற்ற சொந்தத் தசையையே மடிச்சு மடிச்சு அடுக்கடுக்காத் தைக்கிறது. மேசையில இருந்து அவரே எழும்பி நடந்து வந்தவர் எண்டு கதை கதையா சொல்லுவார். நிறை கூட எண்டால் குறைச்சுக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம், மாமாவையும் அப்பிடி ஒருக்கா அனுப்பினவை, மாமி ரெண்டு மாதம் புட்டே அவிக்கேல்லை. வலை இல்லாமலும் திரும்ப வராமல் செய்யலாம் எண்டதுக்காக எழுதினன்.

ஸ்டெதஸ்கோப்_மதுர
தம்பி சொல்றது நெசம். ஆனா அங்க இருக்கவங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அது ஒண்ணையேதான் பண்றாங்க, அதான் அந்த ரிசல்ட். அதே தையல எப்பவாச்சும் ஒண்ணு பண்ற ஆள் பண்ணா பாஸினி காலத்துக்கு போயிரும். நம்ம புனேல தேசர்டான்னு ஒரு சர்ஜன் வலை இல்லாம, பக்கத்துல இருக்க தசைநார்லயே ஒரு பட்டைய கீறி ஓட்டைய மூடற முறைய கொண்டு வந்தாரு, அதுவும் நல்லாத்தான் போகுது. மறுபடியும் பாருங்க, முறைய விட கை.

டவுன்பஸ்_டிரைவர்
வலைன்னா ஒடம்புக்குள்ள பிளாஸ்டிக்குனு எங்க வீட்டுல இன்னும் பேசறாங்க டாக்டர். அது என்னதான்?

ஸ்டெதஸ்கோப்_மதுர
பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். பிளாஸ்டிக்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. வெளிநாட்டுல வலைய வெச்சு கோர்ட் கேஸ் எல்லாம் போயிருக்கு, நாள்பட்ட வலி, சீழ்னு. எல்லாமே பொய்னு சொல்ல மாட்டேன். பத்துல ஒருத்தருக்கு ஓரளவு வலி மாசக்கணக்குல நீடிக்கும், அன்றாட வேலையையே கெடுக்கற அளவுக்கு வலி அதவிட ரொம்ப கம்மி பேருக்கு. உங்களுக்கு டிப்போல நம்பாத அந்த வலி இந்தக் கணக்குல சேந்ததுதான். ஓப்பன்ல அந்த எடத்துல மூணு நரம்பு போகுது, அத பாத்துப் பாத்து ஒதுக்கி வைக்கிற சர்ஜனும் இருக்காரு, அவசரத்துல தையலோட சேத்து கட்டுற ஆளும் இருக்காரு.
வலை பத்தி ஒரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க. மகாராஷ்டிராவுல தோண்டாயிச்சாங்கிற சின்ன ஊர்ல டோண்காவ்கர்னு ஒரு டாக்டர், கம்பெனி வலை வாங்க ஏழைங்களால முடியலன்னு, கொசுவலைத் துணிய வெட்டி கிருமி நீக்கி வெச்சு தெச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் உகாண்டாவுல 300 ஆம்பளைங்களுக்கு பாதிப் பேருக்கு கொசுவலை வகை, பாதிப் பேருக்கு கம்பெனி வலைன்னு வெச்சு பாத்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு, ஒரு வருசத்துல ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

கடலை_யாவாரி
அப்ப வலைக்கு மட்டும் என் பில்லுல அவ்வளவு போட்டாய்ங்களே...

ஜிம்பாய்_29
எனக்கு டாக்கர்னு வேற தனியா போட்டிருந்தாங்க, வலைய பின் அடிக்கற மெஷினாம். இன்சூரன்ஸ் குடுத்துச்சு, அதனால கேக்கல.

கிளெய்ம்_ஆசாமி
இன்சூரன்ஸ்னு பேச்சு வந்ததால சொல்றேன். நெறைய பாலிசில ஹெர்னியாவுக்கு ரெண்டு வருசம் காத்திருப்பு இருக்கு, வீக்கம் வந்தப்பறம் ஓடிப்போய் பாலிசி எடுத்தா பிரயோஜனம் இல்ல. இருக்கறத மறைச்சு எடுத்தீங்கன்னா பழைய ஓபி சீட்டு ஒண்ணு போதும் கிளெய்ம தள்ளிவிட. தறிக்காரர் மகன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஜிஎச்ல கொண்டு போய் காட்டுங்க.

சித்தமருந்து_பிரியன்
எதுக்கு ஆபரேஷன். விளக்கெண்ணெய் தடவி, பெல்ட் போட்டு, கழற்சிக்காய் சாப்ட்டா எங்க தாத்தாவுக்கு

ஸ்டெதஸ்கோப்_மதுர
பெல்ட் போட்டா வீக்கம் வெளிய தெரியாது, ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஓட்டைய மூடற எண்ணெய் கெடையாது. ஆனா உங்க தாத்தா தப்பிச்சதுல ஆச்சரியமும் இல்ல. தொந்தரவு அதிகம் இல்லாத ஆம்பளைங்க 720 பேர வெச்சு பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேர சும்மா கண்காணிப்புன்னு பாத்தாங்க, 2006ல வந்த ஆய்வு. கண்காணிப்புல இருந்தவங்கள்ல குடல் மாட்டிக்கிட்டது ஆயிரம் பேருக்கு வருசத்துக்கு ரெண்டு பேர் கூட இல்ல. ஆனா அதே ஆளுங்கள பத்து வருசம் கழிச்சு பாத்தா மூணுல ரெண்டு பேர் வலி தாங்காம ஆபரேஷனுக்கே வந்துட்டாங்க. அதனால தறிக்காரரே, நாளைக்கே பண்ணனும்னு பதறவும் வேணாம், பேரனுக்கு கல்யாணம் முடியட்டும்னு தள்ளவும் வேணாம். இந்தக் கணக்கு பொம்பளைங்களுக்கு பொருந்தாது, அவங்களுக்கு தொடைப் பக்கமா வர்ற வகை சீக்கிரம் மாட்டிக்கும், தள்ளிப் போடக்கூடாது.

நைட்_டூட்டி_நர்ஸ்
மாட்டிக்கறதுன்னா என்னன்னு யாரும் சொல்லலையே. வீக்கம் கல்லு மாதிரி ஆயிரும், படுத்தாலும் உள்ள போகாது, வலி உயிர் போகும், வாந்தி, காத்து பிரியாது. அப்ப லேப்பா ஓப்பனானு இங்க வந்து கேக்காதீங்க, கையால அமுக்கி உள்ள தள்ளவும் பாக்காதீங்க, வண்டி ஏறுங்க. குடலுக்கு ரத்தம் போகலன்னா சில மணி நேரத்துல கருத்துரும். விடியட்டும்னு வீட்டுல வெச்சிருந்து கொண்டு வந்த கேசுங்கள நைட் டூட்டில நெறைய பாத்துட்டேன்.

*(ரெண்டு மாசம் கழிச்சு)*

தறிக்காரன்_மகன்
வணக்கமுங்க, எல்லாரும் மறந்திருப்பீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி பரண்ல இருந்து தேடி எடுத்தோம், புராஸ்டேட் குழாய் வழியாத்தான் பண்ணிருக்காங்க. அந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் மறுபடி போயி, இந்த வருசம் எத்தனை லேப் ஹெர்னியா பண்ணீங்க சார்னு கேட்டேனுங்க. கூகுள் பாத்துட்டு வந்தீங்களான்னாரு. எந்திரிச்சு வந்துட்டோம்.
நெஞ்சு டாக்டர் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்து இன்ஹேலர் குடுத்தாரு, ஒரு மாசத்துல காலை இருமல் பாதி ஆயிருச்சு. போன செவ்வாக்கெழமை ஜிஎச்ல ஓப்பன் பண்ணுனாங்க, முதுகுல ஊசி போட்டு, முக்கா மணி நேரம். உள்ள இருக்கறப்பவே டாக்டர்கிட்ட கூலி உயர்வு பத்தி பேசிட்டு இருந்தாராம். அன்னிக்கு ராத்திரி ஒண்ணுக்கு போக முடியாம டியூப் போட்டாங்க, அதுதான் பெரிய அவஸ்தை, வெட்டுன வலிய விட அதத்தான் திட்டிட்டு இருக்காரு. மூணாவது நாள் வீட்டுக்கு வந்தாச்சு. விரைப்பை கொஞ்சம் வீங்கி நீலமா இருக்குதுங்க, பயப்படோணுங்களா?

ஸ்டெதஸ்கோப்_மதுர
ஊசி போட்டு பண்ணவங்கள்ல, அதுவும் புராஸ்டேட் கதை உள்ளவங்களுக்கு, மூத்திரம் அடைக்கிறது சகஜம். நீலம் ரத்தக்கட்டு, ஒண்ணு ரெண்டு வாரத்துல மஞ்சளாகி மறையும். காய்ச்சல், சிவந்து சூடாகறது, நாளுக்கு நாள் பெருசாகறது இருந்தா உடனே காட்டுங்க. நடக்க விடுங்க, படுக்கைலயே போடாதீங்க. பாவு பீம் பக்கம் மட்டும் அவர விடாதீங்க.

நைட்_டூட்டி_நர்ஸ்
கீழ ஒரு துண்ட மடிச்சு முட்டுக் குடுங்க, வீக்கம் வடியும். மலச்சிக்கல் ஆகாம பாத்துக்கங்க, முக்கக் கூடாது. இருமல் வந்தா தழும்பு மேல கைய வெச்சு அமுக்கிக்கிட்டு இருமச் சொல்லுங்க. அப்பறம் அவரு படுத்திருக்க தலகாணிய ஒரு தடவ தூக்கிப் பாத்துருங்க.

தறிக்காரன்_மகன்
பாத்தேனுங்க. அரைக் கட்டு இருந்துச்சு. தீப்பெட்டி அம்மா முந்தானைல.